கழித்தல் குறிக்குப் பிறகு

தார்த்து, தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடந்தது.
இயற்பியல் கட்டடத்து நிலவறையில்
ஹெல்சின்கிக்காரர்கள் கழித்துக் கொடுத்த ஐந்து கணினிகள்
எங்கள் கால்களுக்குச் சூடு தந்தன.
நான் இரவுக் காவல்.
இயந்திரங்களுக்குத்தான், ஆட்களுக்கு அல்ல
என்று நினைத்திருந்தேன்.

வீர்வேயின் நட்சத்திரங்கள் தோரவெரேயில் இருந்தன,
இருபது கிலோமீட்டர் பனிக்கு அப்பால்,
வேறொரு பெட்டிக்குள்.
கணக்கு அங்கே நடக்கும். படம் இங்கே விரிய வேண்டும்.
எங்கள் தொழிலில் எல்லாம் தலைகீழ்:
மேசைமேல் சும்மா இருக்கும் திரைதான் வீட்டுக்காரி,
அங்கே மாடாய் உழைக்கிற இயந்திரம்
வாசலில் நின்று, வரலாமா என்று கேட்கும்.
கூடாது என்றது திரை.
நாலு முறை. ஐந்து முறை.
தேநீர் ஆறியது.
ஆறாவது முறை அவள் எக்ஸ்ஹோஸ்ட் என்று அடித்து
ஓர் இடைவெளி விட்டு
ஒரு கூட்டல் குறி போட்டாள்.

யாரும், எங்கிருந்தும் வரலாம் என்று
கணினியே ஒளிக்காமல் ஒரு வரியில் சொன்னது.
அவள் வாசிக்கவில்லை.
நட்சத்திரம் வந்துவிட்டதே!

முதலில் வந்தவர்கள் மாணவர்கள்.
திரையில் இரண்டு கண்களை ஒட்டிவிட்டுப் போனார்கள்;
சுட்டி போகும் பக்கமெல்லாம் விழி உருட்டும்.
மறுநாள் கரப்பான்பூச்சிகள், ஜன்னல்களுக்கு அடியில் பதுங்கின.
சிரித்தாள்.
பார்க்கிற கண் தெரிகிறவரை பயமில்லை.

பிறகு நான் வந்தேன்.
ஜன்னல் திறக்கவில்லை. ஒரு புள்ளிகூட வரையவில்லை.
ஓட்டை எவ்வளவு பெரிது என்று அளக்கிறேன்,
அதுதானே என் வேலை,
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அவள் தட்டும் விசைகள் ஒவ்வொன்றாக
என் அறையில் விழத் தொடங்கின.

ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஐவோவுக்குக் கடிதம்.
சம்பளம், புதிய குரோன் நோட்டுகள், பல்வலி.
பிறகு 'துலே'. வா.
நான்கு எழுத்து.
அழிக்கும் விசை நான்கு தடவை.
மறுபடி நான்கு. மறுபடி நான்கு.
ஐவோவுக்குப் போகாத அந்தச் சொல்
எனக்கு வந்து சேர்ந்தது.

தொலைபேசியை எடுத்தால்
மூன்றாவதாக ஒரு மூச்சு கேட்கும் காலம்
இந்த ஊரில் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.
அந்த மூச்சுக்காரன் எப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று
சிறுவயதில் யோசித்ததுண்டு.
சுழல் நாற்காலி.
இடது கைப்பிடி ஆடும்.

ஒரு விடியலில் அவள் மேசைக்குப் போய்
கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் போட்டேன்.
நிம்மதியாகத் திரும்பினேன்.
எட்டு மணிக்கு அவள் வந்தாள்,
விசைகள் மறுபடி விழுந்தன.
கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவன் வரமாட்டான்.
உள்ளே உட்கார்ந்திருப்பவனை
அது எழுந்து போகச் சொல்வதில்லை.
கையேட்டிலேயே இருக்கிறது, கடைசிப் பக்கங்களில் எங்கோ.

சொன்னேன்.
எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள்.
ஒரு ராத்திரி என்றேன்.
மூன்று.
அவள் அமர்வையே முடித்தாள்.
ஜன்னல்கள் எல்லாம் செத்தன,
சேமிக்காத நட்சத்திரங்களும், நானும்.

அதன்பிறகு சாவி.
முப்பத்திரண்டு எழுத்து, எந்த மொழியிலும் அர்த்தமில்லாதது.
அதற்கு மந்திர பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்,
ரொட்டிக்கு வரிசையில் நிற்காதவர்கள்.
காலையில் பிறக்கும், அவள் கிளம்பும்போது சாகும்.
தோரவெரேக்கு ஒரு நகல் போகும்.
எனக்கு இல்லை.

ஏப்ரலில், பனிக்கட்டி உடைந்து மிதந்த வாரம்,
அவள் திரையில் எழுத்துரு கெட்டது.
பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டை என் மேசையில் வைத்து
'இன்றைக்கு மட்டும்' என்றாள்.
அடித்தேன். திரை மறுத்தது.
பத்தொன்பதாவது எழுத்து, ஆறா, 'பி'யா?
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை.
இரண்டு மாடி ஏறிப்போய்
கதவைத் தட்டினேன்.